முதல் உணவகம் பாரிஸில் பிறக்கவில்லை: சீனப் பந்தி மாறி வந்த கதை

2020-இல் கொரோனா பரவத் தொடங்கியதும் சீனாவின் பல நகரங்கள் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தன. நடுவில் இருக்கும் கிண்ணங்களிலிருந்து உணவை எடுக்க, வாயில் வைத்த சாப்ஸ்டிக்கைப் பயன்படுத்த வேண்டாம். எடுத்துப் போடுவதற்கென்று எல்லோருக்கும் பொதுவான ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள் என்றன. அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரல் 29 அன்று, உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. தேவைக்கு மேல் ஆர்டர் செய்யும்படி வாடிக்கையாளரைத் தூண்டும் உணவகத்துக்கு 10,000 யுவான் வரை அபராதம் என்றது அந்தச் சட்டம். இரண்டு செய்திகளையும் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: பொதுக் கிண்ணங்களிலிருந்து கூடி உண்பதும், மேசை நிறைய அடுக்கி விருந்தாளியை உபசரிப்பதும் சீனர்களின் பல்லாயிரம் ஆண்டு வழக்கமாயிற்றே, அதில் அரசு கைவைக்கலாமா?

இன்னொரு பக்கம், உலகின் முதல் உணவகம் 1765-இல் பாரிஸில் திறக்கப்பட்டது என்ற தகவல் பொது அறிவு வினா-விடைகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டு எண்ணங்களுமே திருத்தப்பட வேண்டியவை. ஒரே மேசையில் பொதுக் கிண்ணங்களைச் சுற்றி அமர்ந்து உண்பது சீனாவில் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதல்ல. உணவகமோ பாரிஸுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. இந்த இரண்டும் சீனாவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேர்விட்டவை. அந்தக் காலத்தைப் புரிந்துகொண்டால் இன்றைய செய்திகளும் விளங்கிவிடும்.

## எதை உணவகம் என்கிறோம்?

சமைத்த உணவை விலைக்கு விற்பது மிகப் பழைய தொழில். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத் தெருக்களில், கல்மேடையில் பானைகளைப் பதித்து உணவு விற்ற கடைகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வழிப்போக்கருக்குச் சோறு போட்ட சத்திரங்கள் எல்லா நாடுகளிலும் இருந்தன. இவற்றையெல்லாம் உணவகம் என்று அழைத்தால் 'முதல் உணவகம் எது' என்ற கேள்விக்கே பொருளில்லாமல் போகும். எனவே கீழ்க்காணும் அடையாளங்கள் ஒருசேர இருக்கும் இடத்தையே இங்கே உணவகம் என்று கொள்வோம்.

1. தங்குவதற்காகவோ குடிப்பதற்காகவோ மட்டும் அல்லாமல், உண்பதற்காகவே ஆட்கள் தேடி வரும் இடமாக இருக்க வேண்டும்.
2. பல உணவுகள் இருக்க வேண்டும். எது வேண்டும் என்று உண்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.
3. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் பந்தி என்றில்லாமல், வந்தவருக்கு வந்த நேரத்தில் பரிமாற வேண்டும்.
4. கேட்டுப் போய் எடுத்து வருவதற்கு ஆள் இருக்க வேண்டும்; உண்டதற்கு மட்டும் காசு கொடுக்க வேண்டும்.

ஐரோப்பிய விடுதிகளில் நெடுங்காலம் இருந்த ஏற்பாடு வேறு. குறித்த நேரத்தில் நீண்ட மேசை ஒன்றில் முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக அமர்வார்கள். விடுதிக்காரர் அன்று என்ன சமைத்தாரோ அதுதான் எல்லோருக்கும். தாமதமாக வந்தவருக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

## பாரிஸ் கதை எங்கிருந்து வந்தது?

பூலான்ஜே என்ற ஒருவர் 1765-இல் பாரிஸில் கடை திறந்தார், சமையல் சங்கம் அவர்மீது வழக்குப் போட்டது, அவர் வென்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்த வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங்குக்கு இந்த வழக்கு நடந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. 1766 வாக்கில் மாத்யூரான் ரோஸ் த ஷாந்துவாஸோ என்பவர் தொடங்கிய கடையையே அவர் தொடக்கமாகக் காட்டுகிறார். உடல்நலம் குன்றியவர்களுக்கு இறைச்சிச் சாறு விற்பதே அத்தகைய கடைகளின் வேலை. நோயாளி எந்த நேரத்திலும் வரலாம், தனி மேசையில் அமரலாம், தன் உடலுக்கு ஏற்றதைக் கேட்கலாம். அந்த வசதிகள் பிறகு நலமாக இருப்பவர்களுக்கும் விரிந்தன. 1789 புரட்சிக்குப் பின் பாரிஸில் உணவகங்கள் பெருகின. 19-ஆம் நூற்றாண்டில் அந்த முறை உலகெங்கும் பரவியது. இன்றைய உணவகத்தின் பெயரும் மெனு அட்டை போன்ற சில சடங்குகளும் பிரான்ஸ் தந்தவை. இதில் யாருக்கும் மறுப்பில்லை.

ஆனால் மேலே சொன்ன நான்கு அடையாளங்களும் கூடிய கடைகள், பாரிஸுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே சீனாவின் கைஃபெங் நகரில் தெருத்தெருவாக இருந்தன. அதை நேரில் பார்த்தவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

## கைஃபெங்: சுவர் இடிந்த நகரம்

முதலில் கைஃபெங்குக்கு முந்தைய பெருநகரம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். தாங் வம்சத்தின் (618–907) தலைநகரமான சாங்கான் நூற்றுக்கு மேற்பட்ட பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பேட்டையையும் சுற்றிச் சுவர். இரவில் முரசு அடித்ததும் வாயில்கள் மூடப்படும். பெருந்தெருவில் நடமாடினால் தண்டனை. பெரிய வணிகம் கிழக்குச் சந்தை, மேற்குச் சந்தை என்ற இரண்டு இடங்களில்தான். அந்தச் சந்தைகளும் நண்பகலில் 300 முறை முரசு முழங்கினால் திறக்கும், மாலையில் 300 முறை மணி ஒலித்தால் மூடும். சமைத்த உணவு சாங்கானிலும் விற்கப்பட்டது. ஆனால் இரவு உணவுக்கு வெளியே கிளம்பும் பழக்கம் இப்படிப்பட்ட நகரில் வளர வழியில்லை.

வட சொங் வம்சம் (960–1127) தலைநகராகக் கொண்ட கைஃபெங்கில் இந்தக் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. காரணங்களை வரிசைப்படுத்தினால்:

1. இரவு திறந்தது. 965-இல் பேரரசர் தைசு, மூன்றாம் ஜாமம் வரை இரவுச் சந்தைகளைத் தடுக்க வேண்டாம் என ஆணையிட்டார். சீனக் கணக்கில் ஒரு ஜாமம் இரண்டு மணி நேரம்; மூன்றாம் ஜாமம் என்பது நள்ளிரவு. பேட்டைச் சுவர்கள் 11-ஆம் நூற்றாண்டில் பயனிழந்து போக, வீடுகளும் கடைகளும் நேரடியாகத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டன.

2. தானியம் வந்து குவிந்தது. தெற்கிலிருந்து கால்வாய் வழியாக ஆண்டுக்கு 60 லட்சம் 'ஷி' தானியம் தலைநகருக்கு அனுப்ப வேண்டும் என்று அளவு நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஷி என்பது அக்காலச் சீன முகத்தல் அளவு. 1012-இல் பேரரசர் ஜென்சொங், இன்றைய வியட்நாமின் சம்பா நாட்டிலிருந்து வந்த சீக்கிரம் விளையும், வறட்சி தாங்கும் நெல்லின் விதைகளை வறட்சி கண்ட பகுதிகளுக்குக் கொடுத்தார். குறுகிய நாளில் அறுவடை என்றால் ஒரே நிலத்தில் கூடுதல் போகம்.

3. காசு புழங்கியது. சொங் அரசு செப்புக் காசுகளை முன்னெப்போதும் இல்லாத அளவில் அடித்தது. காசு கையில் இருந்தால்தான் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்க முடியும். பட்டும் தானியமும் கொடுத்து வாங்க முடியாது.

4. வெளியூர்க்காரர்கள் நிறைந்தார்கள். என் பார்வையில் நான்கில் இதுவே முதன்மையான காரணம். அரசுத் தேர்வு எழுத வந்த மாணவர்கள், பதவி மாற்றத்துக்குக் காத்திருந்த அதிகாரிகள், வணிகர்கள், படைவீரர்கள் எனப் பத்து லட்சம் பேர் அளவுக்கு வாழ்ந்த நகரம் அது. சோழ அரசின் தூதுக் குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனப் பேரரசரைக் காண வந்ததும் இந்த நகரத்துக்குத்தான். வந்தவர்களில் பலருக்குச் சமைத்துப் போட வீட்டார் உடன் இல்லை. வடக்கத்திச் சமையல் தெற்கத்திக்காரர் நாக்குக்கு ஒத்துவரவும் இல்லை.

இதனால்தான் அங்கே தெற்கத்திச் சாப்பாட்டுக் கடைகளும் சிச்சுவான் சாப்பாட்டுக் கடைகளும் தனியாகத் தோன்றின. ஒரு வட்டாரச் சமையல் வேறொரு வட்டாரத்தில் தன் பெயரோடு கடை விரித்ததற்கு உலக வரலாற்றில் இவை மிக முந்தைய சான்றுகள். ஊர்விட்டு வந்தவரின் பசிக்கு இப்படித்தான் 'வட்டாரச் சமையல்' என்ற வகைப்பாடே வணிகமாகியது.

## கடைக்குள் என்ன நடந்தது?

கைஃபெங்கில் 1103 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வாழ்ந்த மெங் யுவான்லாவ் என்பவர், அந்நகரம் 1127-இல் வடகிழக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் இனத்தாரின் படைகளிடம் வீழ்ந்த பிறகு தெற்கே அகதியாகச் சென்றார். இழந்த நகரத்தை நினைவிலிருந்து மீட்டு எழுதி, 1147-இல் முன்னுரை சேர்த்தார். தெருவின் பெயர், கடையின் பெயர், பண்டத்தின் விலை என அவர் தரும் விவரங்கள் அடர்த்தியானவை.

வாடிக்கையாளர் அமர்ந்ததும் ஒருவர் சாப்ஸ்டிக்கும் காகிதமும் ஏந்தி வந்து ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்பார். தலைநகர மக்கள் சளைக்காமல் கேட்பார்கள்: ஒருவருக்குச் சூடாக, ஒருவருக்கு வெதுவெதுப்பாக, ஒருவருக்குச் சில்லென்று; ஒருவருக்குக் கொழுப்பில்லாத இறைச்சி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொழுப்போடு. பரிமாறுபவர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. சமையற்கட்டின் வாசலில் நின்று, முதலிலிருந்து கடைசிவரை ராகமாக ஒப்பிப்பார். சற்று நேரத்தில் இடது கையில் மூன்று கிண்ணங்கள், வலது கையில் விரல் நுனியிலிருந்து தோள்வரை அடுக்கிய இருபது கிண்ணங்கள் என்று வருவார். யார் எதைக் கேட்டாரோ அது அவர் முன் இறங்க வேண்டும். மாறிப்போனால் வாடிக்கையாளர் முதலாளியிடம் சொல்வார். வசவு விழும், அல்லது கூலி பிடிக்கப்படும், அல்லது வேலையே போய்விடும்.

மேலே சொன்ன நான்கு அடையாளங்களும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகின்றன. இன்றைய சர்வர் செய்யும் வேலையில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? நாம் 'நவீனம்' என்று நினைக்கும் ஒன்று இவ்வளவு முழுமையாக 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்திருக்கிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

கடைகளில் மேல்தட்டு, கீழ்த்தட்டு என இரண்டு உண்டு. மது வடிக்கத் தேவையான நொதிப்பொருள் அரசின் ஏகபோகம். அதை அரசிடம் வாங்கித் தாங்களே மது தயாரிக்கும் உரிமை பெற்றவை 'தலைமைக் கடைகள்'. கைஃபெங்கில் இவை 72 என்கிறார் மெங். இவற்றிடம் மது வாங்கி விற்ற 'கிளைக் கடைகள்' எண்ணிலடங்காதவை. ஃபான் மாளிகை என்ற ஒரே தலைமைக் கடைக்கு 3,000 கிளைக் கடைகளை ஒதுக்கும் ஆணை 1027-இல் பிறந்திருக்கிறது. மூன்று மாடிகள் கொண்ட ஐந்து கட்டடங்களை மேம்பாலங்களால் இணைத்த கடை அது. அதன் மேற்குக் கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து அரண்மனைக்குள் பார்க்க முடிந்ததால், அங்கே ஏறக் கூடாது என்று பின்னாளில் தடை போட்டார்கள்.

தலைமைக் கடைகளில் இரண்டே பேர் எதிரெதிரே அமர்ந்து குடித்தாலும் அவர்கள் முன் வைக்கப்படும் வெள்ளிப் பாத்திரங்களின் எடை நூறு 'லியாங்'கை நெருங்கும். ஒரு லியாங் ஏறத்தாழ 40 கிராம். ஏழை வீட்டிலிருந்து மதுவுக்குச் சொல்லி அனுப்பினாலும் வெள்ளிப் பாத்திரத்தில்தான் போகும்; இரவெல்லாம் குடித்தால் மறுநாள் போய் எடுத்துக்கொள்வார்கள். வணிகக் குடும்பங்கள் பல வீட்டில் காய்கறி வாங்கி வைப்பதே இல்லை, கடையில் வாங்கியே உண்டன. இரவுச் சந்தை மூன்றாம் ஜாமம் முடியும்வரை நடந்து, ஐந்தாம் ஜாமத்தில் மீண்டும் திறந்துவிடும். விடியலுக்கு முன் இடைவெளி இரண்டு மணி நேரம்தான்.

சாதாரணக் கடையில் ஒரு கிண்ணம் பத்துக் காசு. அங்கே பாதி அளவும் கேட்டு வாங்கலாம் என்று மெங் குறிப்பிடுகிறார். இந்தப் 'பாதி'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 சட்டத்துக்கு வரும்போது தேவைப்படும்.

அதே காலத்து ஓவியர் ஜாங் ஜெதுவான் வரைந்த, ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் சுருள் ஓவியம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அலங்கார வளைவு கட்டிய தலைமைக் கடை ஒன்றும், பாலத்தருகே கிளைக் கடை ஒன்றும், கிண்ணங்களைக் கையில் ஏந்தித் தெருவில் எடுத்துச் செல்லும் ஆள் ஒருவரும் இருக்கிறார்கள். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை ஓவியத்தில் இடம்பெறும் அளவுக்கு அன்றே சாதாரணமாகிவிட்டது.

## ஹாங்சோ: அகதிகள் கொண்டுவந்த அடுப்பு

1127-க்குப் பின் சொங் அரசவை தெற்கே ஹாங்சோவில் நிலைகொண்டது. சமையற்காரர்களும் கூடவே வந்தார்கள். கைஃபெங்கில் தெற்கத்திக் கடை இருந்தது போல இங்கே வடக்கத்திக் கடை. அரிசி உண்ணும் ஊரில் கோதுமை நூடுல்ஸ் பெருகியது. நெடுநாள் கழிந்தபின் வடக்கு, தெற்கு என்ற வேறுபாடே கலந்து மறைந்துவிட்டது என 13-ஆம் நூற்றாண்டின் ஹாங்சோவாசி ஒருவர் பதிவு செய்கிறார்.

சொங் குடும்பத்து ஐந்தாம் அண்ணி என்றே வரலாற்றில் பெயர் பெற்ற பெண்ணொருவர் கைஃபெங்கிலிருந்து தப்பி வந்து, ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில் மீன் சூப் விற்றார். 1179-இல் பதவி துறந்த பேரரசர் காவ்சொங் ஏரியில் படகில் வந்தபோது அவரை அழைத்துச் சாப்பிட்டுப் பரிசளித்தார். இழந்த தலைநகரின் சுவை அந்தச் சூப்பில் இருந்தது. செய்தி பரவி ஊரே திரண்டது. அவர் செல்வச் சீமாட்டி ஆனார். அவர் பெயரில் மீன் சூப் இன்றும் ஹாங்சோ உணவகங்களில் கிடைக்கிறது.

ஹாங்சோவின் மதுக்கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. உட்கார்ந்தவுடன் சில உணவுகளைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். அவை பார்வைக்கு மட்டும். எவ்வளவு மது என்று கேட்டபின் அவற்றை எடுத்துக்கொண்டு, உண்மையில் உண்ண வேண்டியதைக் கொண்டு வருவார்கள். வழக்கம் தெரியாத வெளியூர்க் கனவான்கள் பார்வை உணவில் சாப்ஸ்டிக்கை வைத்துவிடுவார்கள், கடைக்காரர்கள் சிரிப்பார்கள். உணவகம் வந்ததும் உணவகத்தில் நடந்துகொள்ளும் முறை என்ற புதிய கல்வியும் வந்துவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று.

வீட்டு விசேஷங்களுக்கு மொத்தமாகக் குத்தகை பேசி நடத்திக் கொடுக்கும் 'நான்கு துறை, ஆறு பிரிவு' என்ற ஏற்பாடும் அங்கே இருந்தது. பந்தல், சமையல், தேநீர்-மது, பரிமாறல் என்று நான்கு துறைகள். பழம், காய், விளக்கு, வாசனை முதலியவற்றுக்குத் தனிப் பிரிவுகள்.

## தனித் தட்டிலிருந்து பொது மேசைக்கு

இப்போது வழக்கங்களின் பக்கம் வருவோம். சொங் காலத்துக்கு முன் சீனர் உண்ட விதம் நம் வாழையிலைப் பந்திக்கு நெருக்கமானது: தரையில் பாய், ஆளுக்கொரு சிறு தட்டுமேசை, அவரவர் பங்கு அவரவர் முன்.

கி.மு. 206-இல், ஆட்சிக்குப் போட்டியிட்ட இரு படைத்தலைவர்களுக்கு இடையே நடந்த ஹொங்மென் விருந்து இதற்குப் புகழ்பெற்ற சான்று. வரலாற்றாசிரியர் சிமா சியான் யார் எத்திசை நோக்கி அமர்ந்தார் என்பதுவரை எழுதியிருக்கிறார். விருந்தளித்த ஸியாங் யூ கிழக்கு நோக்கி, உயர்ந்த இடத்தில். அவருடைய மூத்த ஆலோசகர் ஃபான் செங் தெற்கு நோக்கி. விருந்தாளியான லியூ பாங் வடக்கு நோக்கி, தாழ்ந்த இடத்தில். விருந்தாளியைத் தாழ்ந்த இடத்தில் அமர்த்தியதே அரசியல் செய்தி. நாற்புறமும் தனித்தனியாக அமர்ந்ததால்தான் திசைக்கு அத்தனை கனம் இருந்தது. அந்த லியூ பாங்தான் பிற்பாடு ஹான் வம்சத்தை நிறுவினார்.

ஹான் காலத்தில் தொகுக்கப்பட்ட சடங்கு நூலில் உண்ணும் ஒழுங்கு பற்றிய விதிகள் உண்டு. சோற்றை உருட்டாதே, கடித்த மீனைத் திரும்ப வைக்காதே, எலும்பைச் சத்தம் வரக் கடிக்காதே, நாய்க்கு எலும்பு வீசாதே. கூடிச் சோறுண்ணும்போது கைகளைப் பிசையாதே என்றும் ஒரு விதி. சோறு சில வேளை பொதுப் பாத்திரத்தில் இருந்தது, அதைக் கையால் எடுத்து உண்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. தினை வகைச் சோற்றுக்குச் சாப்ஸ்டிக்கைப் பயன்படுத்தாதே என்று தெளிவாகவே சொல்கிறது அந்நூல். சாப்ஸ்டிக் சூப்பில் கிடக்கும் காய்களை எடுக்க மட்டும்.

சாப்ஸ்டிக்கின் வயது அதிகம்தான்: அன்யாங் அருகே ஷாங் வம்சத் தலைநகரின் இடிபாடுகளில் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய வெண்கலக் குச்சிகள் கிடைத்துள்ளன. அவை பெரும்பாலும் சமையலுக்கான கருவிகள். உண்ணும் கருவியாக நெடுங்காலம் முன்னணியில் இருந்தது கரண்டியே. கோதுமை மாவில் நூடுல்ஸ் பரவியதும், ஒட்டும் தன்மையுள்ள அரிசிச் சோறு பரவியதும் சாப்ஸ்டிக்கை முன்னே கொண்டுவந்தன. முன்பு கரண்டி மட்டுமே பயன்பட்டது, இப்போது எல்லோரும் சாப்ஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள் என்று கைஃபெங் கடைகளைப் பற்றி மெங் எழுதுகிறார். உணவகம் எங்கே வளர்ந்ததோ அங்கேயே இந்த மாற்றமும் கண்முன்னால் நடந்திருக்கிறது.

தனித் தட்டு போய்ப் பொது மேசை வந்ததற்குக் காரணம், சாப்பாட்டோடு தொடர்பே இல்லாதது போலத் தோன்றும் ஒரு பொருள்: நாற்காலி.

1. ஹான் காலத்தின் பிற்பகுதியில் வடமேற்கு நாடோடிகளிடமிருந்து மடக்கு முக்காலி சீனாவுக்குள் வந்தது. பௌத்தத் துறவிகளோடு நாற்காலியும் பரவியது.
2. உயரத்தில் அமர்ந்தால் தாழ்ந்த தட்டுமேசை பயன்படாது. உயரமான மேசை வேண்டும். தாங் காலத்தில் தொடங்கிய இந்த மாற்றம் சொங் காலத்தில் பரவலானது.
3. உயரமான பெரிய மேசையை ஆளுக்கொன்று போட முடியாது. ஒரு மேசையைப் பலர் சுற்றி அமர்ந்தார்கள்.
4. ஒரே மேசை வந்தபின் உணவை நடுவில் வைப்பதே எளிது. வாணலியில் சூட்டோடு வதக்கி உடனே கொண்டுவரும் சமையலுக்கும் அது பொருந்தியது. தொலைவிலிருக்கும் கிண்ணத்துக்கு எட்டச் சாப்ஸ்டிக் வசதி. வெட்டும் வேலை சமையற்கட்டிலேயே முடிந்துவிடுவதால் மேசையில் கத்தி தேவையில்லை.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. அரசவை விருந்துகளில் தனிப் பரிமாறல் நீடித்தது. மிங் (1368–1644), சிங் (1644–1912) வம்ச காலங்களில்தான் பொது மேசை எங்கும் நிலைத்தது. எட்டுப் பேர் அமரும் சதுர மேசை, பிறகு வட்ட மேசை என்று சிங் காலத்தில் வந்து சேர்ந்த அமைப்பையே நாம் இன்று சீன மரபு என்று காண்கிறோம்.

திசையின் கனம் மட்டும் உருமாறித் தப்பிப் பிழைத்தது. வாசலைப் பார்த்த இருக்கை முதன்மை விருந்தாளிக்கு. மீனின் தலை அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்திவைக்கக் கூடாது; இறந்தோருக்கு ஏற்றும் ஊதுபத்தியின் கோலம் அது.

## சுழலும் தட்டு: ஒரு மருத்துவரின் யோசனை

சீன உணவக மேசையின் நடுவில் சுழலும் வட்டத் தட்டைப் பழமையானது என்று பலர் நினைக்கிறார்கள். சீனாவில் அதை வலியுறுத்தியவர் வூ லியென்-தே. 1879-இல் பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர். 1910–11-இல் மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொன்ற நுரையீரல் கொள்ளைநோயை, துணி முகக்கவசத்தையும் தனிமைப்படுத்தலையும் கொண்டு கட்டுப்படுத்தியவர். அவருக்குக் கண்ணை உறுத்தியது பொதுக் கிண்ணம். எச்சில் வழியே காசநோய் பரவும் என்று எச்சரித்தார்.

ஆளுக்குத் தனித்தனியே பரிமாறுவதுதான் சிறந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் சீனச் சமையலின் இயல்புக்கும் கூடி உண்ணும் மகிழ்ச்சிக்கும் அது ஒத்துவராது என்பதையும் ஏற்றுக்கொண்டார். ஆகவே 1915-இல் ஒரு நடுவழி சொன்னார்: சுழலும் தட்டில் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி. நூறாண்டுக்கு முந்தைய இந்த யோசனை 2020-இன் 'பொதுச் சாப்ஸ்டிக்' வேண்டுகோளுக்கு நேர் முன்னோடி. அவர் பெரிதும் வலியுறுத்திய கரண்டி பின்தங்கிவிட்டது. தட்டு மட்டும் பிரபலமானது. அதுவும் அமெரிக்கா சுற்றித்தான் வந்தது. 1950-களில் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுன் உணவகங்களில் அது பரவியது. 1972-இல் அதிபர் நிக்சனுக்குப் பெய்ஜிங்கில் அளித்த விருந்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதைச் சீன மேசையின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

## இன்றைய சட்டம் என்ன செய்கிறது?

விருந்தில் மிதமிஞ்சி அடுக்குவதைக் கண்டிக்கும் குரல் சீனாவுக்குள்ளேயே பழையது. கவிஞர் யுவான் மெய் 1792-இல் வெளியிட்ட சமையல் நூலில் 'கண்ணால் உண்பது' என்று இதற்குப் பெயர் வைத்து ஏசுகிறார். வணிகர் ஒருவர் வீட்டில் மூன்று முறை மேசையை எடுத்து அடுக்கினார்களாம். சிற்றுண்டி மட்டும் பதினாறு, மொத்தம் நாற்பதுக்கு மேற்பட்ட வகைகள். விருந்தளித்தவர் பூரித்துப் போனார். யுவான் மெய் வீடு திரும்பிக் கஞ்சி வைத்துக் குடித்துப் பசியாறினார். விருந்தாளியின் தட்டில் வலிந்து உணவைக் குவிப்பதையும் அவர் விடவில்லை: வந்தவருக்குக் கண்ணும் கையும் உண்டு, அவர் பசியை அடக்கிக்கொண்டு கூச்சப்படும் புதுப்பெண் அல்லர் என்பது அவர் வாதம்.

2021 சட்டத்தின் முக்கியக் கூறுகள்:

1. வாடிக்கையாளர் அளவோடு ஆர்டர் செய்ய உணவகம் நினைவூட்ட வேண்டும். சிறிய அளவுகளையும் கொடுக்க ஊக்குவிக்கப்படுகிறது.
2. மிதமிஞ்சி மீதம் வைப்பவரிடம், அதை அப்புறப்படுத்தும் செலவைக் கட்டணமாகப் பெறலாம். கட்டணத்தை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.
3. அதிகம் வாங்கத் தூண்டும் கடைக்கு முதலில் எச்சரிக்கை; திருந்தாவிட்டால் 1,000 முதல் 10,000 யுவான் வரை அபராதம்.
4. அளவின்றித் தின்று காட்டும் காணொளிகளைப் பரப்பும் ஊடகங்களுக்குப் பெரிய மீறல்களில் ஒரு லட்சம் யுவான் வரை அபராதம்.

தனிமனிதர் தட்டில் மிச்சம் வைத்தால் அரசு அபராதம் விதிக்கும் என்று இங்கே பரவிய செய்தி தவறு. சுமை விழுவது கடைக்காரர்மீதும் ஒளிபரப்புவோர்மீதும்தான். 2020 ஆகஸ்டில் வூஹான் உணவகச் சங்கம் முன்வைத்த 'ஓர் ஆள் குறைத்து ஆர்டர்' யோசனையும், அதாவது பத்துப் பேர் வந்தால் ஒன்பது உணவு என்பதும், வேண்டுகோள்தான்.

சிறிய அளவில் விற்பது புதுமையல்ல. கைஃபெங்கின் பத்துக் காசுக் கடையில் பாதிக் கிண்ணம் கிடைத்தது. தனிப் பரிமாறலும் மேற்கிலிருந்து வந்த இறக்குமதியல்ல. ஹொங்மென் விருந்தில் எல்லோரும் உண்டது அப்படித்தான். எனவே பொதுச் சாப்ஸ்டிக்கை மரபுக்கு எதிரானது என்று எதிர்ப்பவர்களின் வாதம் வரலாற்றில் நிற்காது. நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குடும்பத்துக்குள் பொதுச் சாப்ஸ்டிக்கை எடுத்தால் 'என்னை அந்நியனாக்குகிறாயா' என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். தன் சாப்ஸ்டிக்காலேயே நல்ல துண்டைத் தேடி எடுத்துப் பேரனின் கிண்ணத்தில் வைப்பதுதான் அவர்களுக்கு அன்பு. உணவகங்களில் வண்ணம் வேறுபட்ட இரண்டு ஜோடிகளை ஆளுக்கு வைக்கும் முறை, ஒன்று எடுக்க, ஒன்று உண்ண, இந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அங்கே அதை வைப்பது கடை. யாரும் யாரையும் விலக்கியதாக ஆகாது.